வழித்துணை

பயணம் செல்வோன் ஒருவன் நாற்சந்தியை அடைந்ததும் சற்றே தயங்கி நிற்பது இயல்பு. நான்கு திசைகளிலும் சாலைகள் விரிந்து கிடக்கின்றன. எச்சாலை எவ்வூருக்குச் செல்லும் என்பதைக் கைகாட்டி மரம் தெரிவித்துவிடும். ஆனால், அவன் எவ்வூருக்குச் செல்ல விரும்புகிறான் என்பதைக் கைகாட்டி மரம் சொல்லுமோ? சொல்லாது. அதனை அவனே அறிந்திருத்தல் வேண்டும்.

வாழ்க்கைப் பயணத்திலும் இத்தகைய நாற்சந்திகள் பல உள்ளன. பள்ளிப் படிப்பை முடித்த இளைஞன் எக்கல்வியைத் தேர்ந்தெடுப்பது என்று கலங்குகிறான். பல்லாண்டுகள் ஒரே அலுவலகத்தில் உழைத்தவர், அவ்வேலையில் நீடிப்பதா, வேறொன்றை நாடுவதா என்று உறக்கமின்றித் தவிக்கிறார். மக்களை வளர்த்து ஆளாக்கிவிட்ட தாய் ஒருத்தி, இனித் தன் நாள்களை எவ்வாறு பயனுறக் கழிப்பது என்று எண்ணி எண்ணி மயங்குகிறாள். இவர்களுக்கு அறிவுரை கூறுவோர்க்குப் பஞ்சமில்லை. தந்தையார் ஒன்று கூறுவார். நண்பர் மற்றொன்று கூறுவார். அண்டை வீட்டார் இவ்விரண்டிற்கும் மாறாக வேறொன்று கூறுவார். அறிவுரை பெருகப் பெருகக் கலக்கமும் பெருகுகின்றது.

இந்நிலையில், 'இதனைச் செய்க' என்று பணிக்காமல், 'தாங்கள் விரும்புவது யாது?' என்று வினவி, விடை பிறக்கும்வரை பொறுமையுடன் உடனிருக்கும் ஒருவர் கிடைப்பாராயின், அது பெரும்பேறு அன்றோ? அங்ஙனம் உடனிருப்பதையே தொழிலாகக் கொண்டவர் வாழ்க்கைப் பயிற்றுநர் எனப்படுவர். மருத்துவம், சட்டம், ஆசிரியம் முதலிய தொழில்களைப் போல இது தொன்மையானதன்று. 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தனித்தொழிலாக உருப்பெற்றது. ஆயினும், இதன் வேர்கள் மிகப் பழமையானவை.

சொல்லின் கதை

வாழ்க்கைப் பயிற்றுநரை ஆங்கிலத்தில் 'கோச்' என்னும் சொல்லால் குறிப்பர். இச்சொல்லின் வரலாறு சுவையானது. ஹங்கேரி நாட்டில் கோச் என்றே ஒரு சிற்றூர் உண்டு. அவ்வூரில் செய்யப்பெற்ற குதிரை வண்டிகள் பிற வண்டிகளினும் வசதி மிக்கவையாய் இருந்தமையால், ஊரின் பெயரே வண்டிக்கும் பெயராயிற்று. அப்பெயர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரவியது. தமிழ்நாட்டில் முன்னாளில் 'கோச்சு வண்டி' என்று வழங்கியதும் இதுவே.

1830-களில் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக மாணவர், தேர்வுக்குத் தம்மை ஆயத்தம் செய்யும் தனியாசிரியரை 'கோச்' என்று வேடிக்கையாக அழைக்கலாயினர். வண்டி பயணியைச் சுமந்து செல்வதுபோல, ஆசிரியர் மாணவனைத் தேர்வென்னும் ஊரில் கொண்டு சேர்க்கிறார் என்பது அவர்தம் கருத்து. பின்னர் விளையாட்டுக் கற்பிப்போர்க்கும் இப்பெயர் உரியதாயிற்று.

இவ்வுவமையில் ஆழ்ந்ததோர் உண்மை அடங்கியுள்ளது. வண்டியில் ஏறுபவரே செல்ல வேண்டிய ஊரைச் சொல்கிறார். வண்டி அவரை ஆங்குச் சேர்க்கிறது. பயணி ஓர் ஊரைச் சொல்ல, வண்டியோட்டி தனக்கு விருப்பமான மற்றோர் ஊரில் அவரை இறக்கிவிட்டால், வண்டி எத்துணை அழகியதாயினும் அதனால் பயன் என்ன?

வினாவே கருவி

இனி, இத்தொழிலின் கருவி யாது எனக் காண்போர் சாக்ரடீசை நினைவுகூர்தல் வேண்டும். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் வாழ்ந்த அவ்வறிஞர், வீதியில் கண்டவரிடமெல்லாம் வினாக்கள் தொடுத்து உரையாடினார். அவருடைய அன்னையார் ஒரு மருத்துவச்சி. தாமும் அத்தொழிலையே செய்வதாகவும், ஆனால் தாம் பிறப்பிக்கத் துணைபுரிவது குழந்தைகளை அன்று, கருத்துகளையே என்றும் சாக்ரடீஸ் கூறியதாக அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதி வைத்துள்ளார். பிள்ளை தாய்க்கே உரியது; மருத்துவச்சி துணை நிற்பவளே. அதுபோலக் கருத்தும் அதனை எண்ணிப் பெற்றவர்க்கே உரியது.

எனினும், சாக்ரடீசின் வினாக்களுக்கும் வாழ்க்கைப் பயிற்றுநரின் வினாக்களுக்கும் வேற்றுமை உண்டு. எதிரில் நிற்பவரின் அறியாமையை வெளிப்படுத்துவது சாக்ரடீசின் வினா. அதனால் பலர் அவர்மீது சினம் கொண்டனர். எதிரில் இருப்பவர் தம் ஆற்றலைத் தாமே கண்டுகொள்ளச் செய்வது பயிற்றுநரின் வினா.

ஆடுகளத்தில் கண்ட உண்மை

இவ்வுண்மை இக்காலத்தில் மீண்டும் வெளிப்பட்ட இடம் ஒரு டென்னிஸ் ஆடுகளம் என்பது வியப்புக்குரியது. டிமதி கால்வே என்பவர் ஹார்வர்டுப் பல்கலைக்கழக டென்னிஸ் அணியின் தலைவராக விளங்கியவர். 1970-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டென்னிஸ் கற்பித்து வந்தார். ஏனைய ஆசிரியரைப் போலவே அவரும், 'மட்டையை இவ்வாறு பிடி, தோளைத் திருப்பு, காலை முன்னே வை' என்று இடைவிடாது கட்டளையிட்டு வந்தார். மாணவர்கள் அக்கட்டளைகளை நினைவில் கொள்ள முயன்று உடல் விறைத்தனர், தவறுகள் மிகுந்தன.

நாளடைவில் கால்வே ஒன்றைக் கண்டார். தாம் குறைவாகப் பேசிய நாள்களில் மாணவர்கள் நன்றாக ஆடினர். தாம் சுட்டிக்காட்டாத பிழைகளும் தாமாகவே திருந்தின. எனவே, அவர் புதியதொரு முறையைக் கையாண்டார். பந்து தரையில் பட்டு எழும்போது 'துள்ளல்' என்றும், மட்டையில் படும்போது 'அடி' என்றும் பொருள்படும் சொற்களை உரக்கக் கூறுமாறு மாணவரிடம் சொன்னார். வேறு கட்டளை ஒன்றும் இடவில்லை. இரு சொற்களையும் உரிய நேரத்தில் கூற வேண்டுமாயின், கண் பந்தைவிட்டு அகலலாகாது. மனம் பந்தில் பதிந்தது. 'தவறிவிடுமோ' என்னும் அச்சம் அகன்றது. கை தானே செவ்வனே இயங்கியது.

ஒவ்வொருவருக்குள்ளும் இருவர் உளர் என்று கால்வே கூறினார். ஒருவர் ஏவுபவர், மற்றவர் செய்பவர். ஏவுபவர் ஓயாமல் குறை கூறுவதால் செய்பவர் தடுமாறுகிறார். ஏவுபவரின் ஆரவாரம் அடங்கினால் செய்பவரின் ஆற்றல் தானே வெளிப்படும். இக்கருத்துகளை அவர் 1974-ஆம் ஆண்டில் ஒரு நூலாக வெளியிட்டார். அது டென்னிஸ் ஆடுவோர்க்கென எழுதப்பட்டதாயினும், ஆடாதவரும் அதனை விரும்பிப் படித்தனர். தொழில் நிறுவனத் தலைவர்களும் அம்முறையைத் தம் அலுவலகங்களில் கையாள முன்வந்தனர்.

நான்கு படிகள்

கால்வேயிடம் பயின்று அம்முறையை இங்கிலாந்தில் பரப்பியவருள் ஒருவர் ஜான் விட்மோர். அவர் கார்ப் பந்தய வீரர். 1965-ஆம் ஆண்டில் ஐரோப்பியக் கார்ப் பந்தயப் போட்டித் தொடர் ஒன்றில் வாகை சூடியவர். விரைவில் வல்லவராகிய அவர், பின்னர் மனிதரைப் பொறுமையுடன் வளர்க்கும் கலையில் ஈடுபட்டார். அவரும் அவருடைய தோழர்களும் 1980-களில் ஓர் உரையாடல் முறையை வகுத்தனர். 1992-இல் விட்மோர் எழுதிய நூலால் அது எங்கும் பரவியது. குறிக்கோள், இன்றைய நிலை, இயலும் வழிகள், செய்யும் உறுதி என்பன அம்முறையின் நான்கு படிகள். இவற்றின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'வளர்க' எனப் பொருள்படும் சொல் அமையும்.

இம்முறை இயங்கும் விதத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அலுவலகம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணக்கராக இருக்கும் ஒருவர், அவ்வேலையை விடுத்து ஆசிரியராக விழைகிறார் எனக் கொள்ளலாம். மனைவியும் இரு குழந்தைகளும் அவர் ஊதியத்தை நம்பியுள்ளனர். அவர் பயிற்றுநரை நாடி வருகிறார்.

"இன்னும் இரண்டாண்டுகளில் தாங்கள் எந்நிலையில் இருக்க விரும்புகிறீர்கள்?" என்று பயிற்றுநர் வினவுகிறார்.

"ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியனாக இருக்க வேண்டும்" என்கிறார் வந்தவர்.

"இன்றைய நிலை யாது? ஊதியமின்றி எத்தனை மாதங்கள் குடும்பத்தை நடத்த இயலும்?"

"நான்கு மாதங்கள்."

"தாங்கள் இதுவரை வகுப்பறையில் நின்று கற்பித்தது உண்டா?"

வந்தவர் வாய் திறக்கவில்லை. பயிற்றுநரும் பேசவில்லை. சிறிது நேரம் சென்றபின், "இல்லை, ஒரு நாளும் இல்லை" என்று தாழ்ந்த குரலில் விடை வருகிறது.

"அதனை அறிந்துகொள்ள என்னென்ன வழிகள் உள்ளன?"

வந்தவர் எண்ணிப் பார்க்கிறார். தம் தெருவுக்கு அருகில் ஏழைப் பிள்ளைகளுக்கென நடைபெறும் மாலை வகுப்பு அவர் நினைவுக்கு வருகிறது. வாரத்தில் இரு நாள் அங்கே கற்பிக்கலாம். அதற்காக வேலையை விட வேண்டியதில்லை.

"அவ்வாறாயின், அடுத்த முறை வருவதற்குள் தாங்கள் செய்யப்போவது என்ன? எந்நாளில்?"

"வரும் சனிக்கிழமை அவ்வகுப்பை நடத்துபவரைக் கண்டு பேசுவேன்."

இங்கே பயிற்றுநர் கூறிய அறிவுரை ஒன்றேனும் உண்டா? இல்லை. வேலையை விடுக என்றும் அவர் சொல்லவில்லை. விடற்க என்றும் சொல்லவில்லை. ஆயினும், வந்தவர் இருளில் நின்ற நிலை மாறி, அடுத்த அடியை எடுத்து வைக்கும் இடத்தைக் கண்டுகொண்டார். மூன்று மாதங்கள் கற்பித்தபின் ஆசிரியத்தொழிலே தமக்கு உரியது என்று அவர் தெளியலாம். அல்லது, தம்மை வருத்தியது கணக்கர் வேலையன்று, அங்கே தாம் மதிக்கப்படாமையே என்று உணர்ந்து, மேலதிகாரியிடம் மனந்திறந்து பேசத் துணியலாம். எம்முடிவாயினும் அது அவரே கண்ட முடிவு. பிறர் சொல்லிச் செய்த செயல் தவறினால் மனிதன் பிறரைப் பழிப்பான்; தானே தேர்ந்த செயலில் இடர் வந்தால் அதனைத் தாங்கி நிற்பான்.

தொழிலாக வளர்ந்த வரலாறு

அமெரிக்காவில் தாமஸ் லெனார்டு என்பவர், செல்வத்தை முறையாகச் சேமிக்கவும் செலவிடவும் திட்டமிட்டுத் தரும் பணியைச் செய்து வந்தார். பணத்தைப் பற்றிப் பேச வந்தோர், நாளடைவில் தம் வேலை, குடும்பம், எதிர்காலம் ஆகியவற்றைப் பற்றியும் அவரிடம் பேசலாயினர். அவர்களுக்குத் தேவைப்பட்டது கணக்கு மட்டுமன்று என்பதை அவர் உணர்ந்தார். 1992-ஆம் ஆண்டில் அவர் வாழ்க்கைப் பயிற்றுநரை உருவாக்கும் கல்வி நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்தார். அதன் வகுப்புகள் தொலைபேசி வழியாகவே நடைபெற்றன. எனவே, பல ஊர்களில் வாழ்ந்தோரும் தத்தம் இல்லத்தில் இருந்தவாறே பயின்றனர். 1995-இல் இத்தொழிலினர்க்கெனப் பன்னாட்டுக் கூட்டமைப்பு ஒன்றும் அவரால் நிறுவப்பெற்றது. லெனார்டு 2003-இல் மறைந்தார். கூட்டமைப்போ இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் உறுப்பினரைக் கொண்டுள்ளது.

இக்கூட்டமைப்பு மூவகைச் சான்றிதழ்களை வழங்குகிறது. முதற்படிச் சான்றிதழ் பெற விரும்புவோர் 60 மணி நேரக் கல்வியும், பிறரோடு அமர்ந்து 100 மணி நேரம் பணியாற்றிய பட்டறிவும் பெற்றிருத்தல் வேண்டும். இரண்டாம் படிக்கு 125 மணி நேரக் கல்வியும் 500 மணி நேரப் பட்டறிவும் வேண்டும். மூன்றாம் படிக்கு 200 மணி நேரக் கல்வியும் 2,500 மணி நேரப் பட்டறிவும் வேண்டும். நாள்தோறும் ஐந்து மணி நேரம் பணியாற்றினாலும், 2,500 மணி நேரம் நிறைவதற்கு 500 நாள்கள் ஆகும். இவையன்றி, மூத்த பயிற்றுநர் ஒருவர் தம் பணியை உற்றுநோக்கிக் குறைநிறைகளை எடுத்துரைக்க, 10 மணி நேரமேனும் அவரிடம் பயில வேண்டும். தேர்வும் எழுத வேண்டும். பெற்ற சான்றிதழையும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, மேலும் கற்றுப் புதுப்பித்தல் வேண்டும்.

கேட்பது எளிது என்று எண்ணுவோர் இவ்வெண்களைக் கண்டு வியப்புறுவர். உண்மையில் பிறர் சொல்வதைக் கேட்பது போல் அரிய செயல் வேறில்லை. ஒருவர் பேசும்போது, மற்றவர் பெரும்பாலும் தாம் அடுத்துச் சொல்ல வேண்டியதையே எண்ணிக்கொண்டிருக்கிறார். தம் எண்ணத்தை ஒதுக்கி வைத்து, பேசுவோரின் சொல்லையும், சொல்லுக்கு இடையிலுள்ள தயக்கத்தையும் கருத்தூன்றிக் கேட்கப் பழகுவதற்கே அத்தனை மணி நேரம் தேவைப்படுகிறது.

இத்தொழிலில் புகுவோர்க்குத் தொடக்கத்தில் வருவாய் மிகுதியாகக் கிடைப்பதில்லை. நாடி வருவோர் சிலராகவே இருப்பர். ஆதலின், ஆசிரியப் பணியிலோ நிருவாகப் பணியிலோ இருந்துகொண்டே, ஓய்வு நேரத்தில் இதனைப் பயின்று, சிறிது சிறிதாக வளர்வோர் பலர். பெரிய நிறுவனங்கள் தம் அலுவலரின் வளர்ச்சிக்கெனப் பயிற்றுநரை அமர்த்துவதும் உண்டு. அவ்வாறு அமர்த்தும்போது கட்டணம் தருவது நிறுவனம். மனந்திறந்து பேசுபவரோ அலுவலர். எவ்வெவற்றை நிறுவனத்திற்குத் தெரிவிப்பது, எவ்வெவற்றைத் தெரிவிக்கலாகாது என்பதை முதல் நாளிலேயே மூவரும் எழுத்தில் வரையறுத்துக்கொள்வது நேரிய முறையாகும்.

எல்லையை அறிதல்

இத்தொழிலில் அறிந்திருக்க வேண்டியவற்றுள் தலையாயது இதன் எல்லையாகும். மருத்துவராக விரும்புவோர் சட்டப்படி பட்டமும் பதிவும் பெற்றாக வேண்டும். வாழ்க்கைப் பயிற்றுநர்க்கு அத்தகைய சட்டக் கட்டுப்பாடு இந்தியாவிலும் இல்லை, அமெரிக்காவிலும் இல்லை. கூட்டமைப்பின் சான்றிதழைப் பெறுவதும் பெறாததும் அவரவர் விருப்பமே. ஆகவே, ஒன்றும் கல்லாத ஒருவரும் வாயிலில் பெயர்ப்பலகை மாட்டி இப்பணியைத் தொடங்கிவிட இயலும். சில நாள்களில் வாழ்வையே மாற்றித் தருவதாக உறுதி கூறிப் பெரும்பணம் கேட்போரும் உளர். நாடிச் செல்வோர், பயிற்றுநர் எங்குக் கற்றார், எத்தனை காலம் பணியாற்றினார் என்பதைக் கேட்டறிதல் வேண்டும். அவ்வினாவிற்கு முகங்கோணுபவரை விட்டு விலகுவதே நன்று.

மேலும், வாழ்க்கைப் பயிற்றுநர் மருத்துவர் அல்லர். தெளிந்த மனத்தோடு தம் வாழ்வை மேலும் சிறக்கச் செய்ய விழைவோர்க்கே அவர் துணை பயன்படும். உறக்கமும் உணவும் வெறுத்து, வாரக்கணக்கில் துயரில் மூழ்கி, 'வாழ்ந்து என்ன பயன்?' என்று ஒருவர் கேட்பாராயின், அவரிடம், "தங்கள் குறிக்கோள் யாது?" என்று வினவுவது பேதைமை, தீங்கும் ஆகும். அவர்க்கு வேண்டுவது மனநல மருத்துவரின் உதவி. அவ்வேளையில் பயிற்றுநர் தம் பணியை நிறுத்தி, "இது என் திறனுக்கு அப்பாற்பட்டது, மருத்துவரைக் காணுங்கள்" என்று கனிவோடு கூறி, அவர் மருத்துவரை அடையும்வரை கைவிடாதிருத்தல் கடமையாகும். கட்டணம் போய்விடுமே என்று எண்ணி அவரைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டால் ஓர் உயிரே பறிபோகக்கூடும். நாடி வந்தவர் கூறியவற்றைப் பிறரிடம் வெளியிடாமை பயிற்றுநர்க்குரிய அறமாயினும், உயிருக்கு ஊறு நேரும் நிலையில் உயிரைக் காப்பதே முதற்கடமை.

மற்றோர் இடரும் உண்டு. பிறர் தம்மை நம்புவது இனிமையானது. 'தங்களைக் கேளாமல் நான் ஒன்றும் செய்வதில்லை' என்று ஒருவர் கூறும்போது பயிற்றுநரின் உள்ளம் மகிழக்கூடும். ஆனால், அம்மகிழ்ச்சி அவருடைய தோல்வியின் அடையாளம். நடை பயிலும் குழந்தைக்கு விரல் நீட்டும் தாய், என்றேனும் ஒரு நாள் அவ்விரலைக் குழந்தை விட்டுவிட வேண்டும் என்பதற்காகவே நீட்டுகிறாள். அதுபோல, தாம் வேண்டப்படாத நாளை விரைந்து வருவிப்பதே நல்ல பயிற்றுநரின் நோக்கமாக இருத்தல் வேண்டும்.

முடிவுரை

வாழ்க்கைப் பயிற்றுநராக விரும்பும் மாணவர் அதற்கெனப் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே தொடங்கலாம். தேர்வில் தோற்ற தோழன் ஒருவன் மனம் வாடி அமர்ந்திருப்பான். 'நான் அப்போதே சொன்னேன்' என்று கூறுவதும் எளிது. 'கவலைப்படாதே' என்று தட்டிக்கொடுத்து அகல்வதும் எளிது. அவ்விரண்டையும் விடுத்து, அவன் அருகில் அமர்ந்து, "எப்பாடம் உனக்குக் கடினமாக இருந்தது? இனி என்ன செய்யலாம் என்று எண்ணுகிறாய்?" என்று கேட்டு, அவன் விடை கூறும்வரை இடைமறிக்காமல் இருந்து பார்த்தல் வேண்டும். முதலில் அவன் ஒன்றும் பேசாதிருக்கலாம். பின்னர் ஒரு சொல் வரும். அதனைத் தொடர்ந்து பல சொற்கள் வரும். இறுதியில், "நாளை ஆசிரியரைச் சென்று கேட்கிறேன்" என்று அவனே எழுவான்.

நாற்சந்தியில் நின்றவன் தான் செல்ல வேண்டிய ஊரைக் கண்டுகொண்டான். வழித்துணையாய் அமைந்தவர் அவ்வூருக்கு அவனுடன் சென்று வாழப்போவதில்லை. அவன் வாழ்வை அவனே வாழ வேண்டும். அவன் தெளிந்த முகத்தோடு நடக்கத் தொடங்கியதைக் கண்டு மகிழ்ந்து, சந்தியில் அடுத்து வந்து நிற்பவரை நோக்கித் திரும்புவதே வழித்துணைவர்க்குரிய பண்பாகும்.